ஆடிச் சந்தையில இளங்குதிரை வாங்கியாச்சா? கயிறு கைக்கு வந்ததுலருந்து முதல் சவாரி வரைக்கும்

வருஷா வருஷம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா முடிஞ்ச கையோட இதே கதைதான். சாமி கும்பிடப் போனவங்க அப்படியே குதிரைச் சந்தையை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு உள்ள போவாங்க, காது ரெண்டும் நுனியில முட்டிக்கிட்டு நிக்குற மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேர்னு நுக்ரா எல்லாம் வரிசையா நிக்கும், அதுல ஒரு குட்டி தலையைத் திருப்பி இவங்களைப் பாக்கும், அவ்வளவுதான். தரகர் பக்கத்துல வந்து "அண்ணா, மூணு வயசு, பச்சப்புள்ள மாதிரி, யார் வேணா ஏறலாம்"னு சொல்லுவாரு, துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசி அட்வான்ஸ் கைமாறி, வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு ஆளு கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு.

இந்த வழிகாட்டி அந்த ஆளுக்குத்தான். வாங்கலாமா வேண்டாமாங்கிற ஸ்டேஜ் தாண்டியாச்சு, இனிமே என்ன பண்றதுன்னு மட்டும் பேசுவோம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நீங்க சவாரிக் குதிரைன்னு நெனச்சு வாங்கியிருக்கீங்க, ஆனா முதல் வருஷத்துல பெரும்பகுதி அது சவாரிக் குதிரை கிடையாது. உடம்பு தேறணும், அப்புறம் கைக்குப் பழகணும், அதுக்கப்புறம்தான் முதுகு. இந்த வரிசையை மாத்துனவங்கதான் ரெண்டு மாசத்துல "கடிக்குது, உதைக்குது, தூக்கிப் போடுது"ன்னு பாதி விலைக்கு வித்துட்டுப் போறாங்க.

1. சந்தையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி

பாக்கிப் பணம் இன்னும் உங்க கையில இருந்தா இது ரொம்ப முக்கியம். கொடுத்தாச்சுன்னாலும் பாத்து வெச்சுக்குங்க, பின்னாடி வெட் (கால்நடை டாக்டர்) கேக்குறப்போ பதில் சொல்லலாம்.

வயசை வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், வாயால சொல்றதைக் கேட்டு இல்ல. மாட்டுக்கு ரெண்டு பல், நாலு பல்னு சொல்ற மாதிரியே இதுக்கும் கணக்கு இருக்கு. கீழ முன்பல் 6 இருக்கும். நடு ரெண்டு பால்பல் விழுந்து புதுசு வர்றது ரெண்டரை வயசு வாக்குல, அடுத்த ரெண்டு மூணரை, ஓரத்து ரெண்டு நாலரை. பால்பல் சின்னதா, வெள்ளையா, ஈறுகிட்ட குறுகி இருக்கும், புதுப்பல் அகலமா கொஞ்சம் மஞ்சளா இருக்கும். தரகர் 4 வயசுன்னு சொல்லி, வாயைத் திறந்தா ஆறும் பால்பல்லா இருந்துச்சுன்னா உங்க கையில இருக்கிறது ரெண்டரை வயசு கூட முடியாத குட்டி. இது சந்தையில சர்வ சாதாரணம், ஏன்னா நல்ல தீனியில வளர்ந்த மார்வாரிக் குட்டி ரெண்டு வயசுலயே ஆளைவிட ஒசரமா தெரியும்.

வாயைத் திறந்ததோட நாக்கையும் கடைவாயையும் பாத்துடுங்க. நாக்குல குறுக்க பழைய வெட்டுத் தழும்பு, உதட்டோரம் காய்ப்பு, தாடைக்கு அடியில முடி போன இடம் இதெல்லாம் இருந்தா அந்தக் குட்டிக்கு ஏற்கனவே முள் கடிவாளம் போட்டு நாட்டியம் பழக்கியிருக்காங்கன்னு அர்த்தம். முள்ளு வெச்ச கடிவாளம் 1965லயே சுமை இழுக்குற விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள்ல தடை பண்ணது, ஆனாலும் சந்தைக் கடைகள்ல பகிரங்கமா தொங்கும். அப்படிப் பழக்குன குதிரைக்கு கடிவாளம்னாலே வலிதான் ஞாபகம் வரும், அதனால அதுக்கு நீங்க ஒதுக்குற நேரம் கூடும். முதுகுல சேணம் உக்கார்ற இடத்துல திட்டுத் திட்டா வெள்ளை முடி இருந்தா பழைய புண்ணு ஆறின இடம். "யாரும் ஏறாத குட்டி"ன்னு சொன்னாங்கன்னா அது பொய்.

அப்புறம் நடக்க விட்டுப் பாருங்க. மணல்ல வேண்டாம், கெட்டியான தரையில, நேரா உங்களை விட்டுப் போகச் சொல்லி திரும்ப வரச் சொல்லுங்க, கயித்தை லூசா விடச் சொல்லுங்க. முன்னங்கால்ல வலி இருந்தா நல்ல கால் ஊனுறப்ப தலை இறங்கும், வலிக்கிற கால் ஊனுறப்ப தலை மேல ஏறும். தரகர் கயித்தை இழுத்துப் பிடிச்சு தலையைத் தூக்கியே ஓட்டிக் காமிச்சா இதை மறைக்கத்தான்னு வெச்சுக்கலாம்.

சுழி பாக்குறவங்க பாத்துக்குங்க, நம்ம ஊர்ல அது இல்லாம குதிரை விக்காது. ஆனா என்னைக் கேட்டா நெத்தியில இருக்கிற சுழியைவிட குளம்புல இருக்கிற வெடிப்பு முக்கியம். நாலு நல்ல காலும் ஒரு "கெட்ட" சுழியும் இருக்கிற குதிரை உங்களுக்கு லாபம், விலை குறையும்.

ரெண்டு பேப்பர் கேளுங்க. ஒண்ணு, விக்கிறவர் பேரு, குதிரையோட நிறம், அடையாளம், சுழி, உயரம், தொகை எழுதி கையெழுத்துப் போட்ட ரசீது, மைக்ரோசிப் இருந்தா அந்த நம்பரும். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்குங்க. இன்னொண்ணு கால்நடை மருத்துவர் கொடுத்த ஆரோக்கியச் சான்று, அதோட க்ளாண்டர்ஸ் பரிசோதனை ரிசல்ட். இந்த க்ளாண்டர்ஸ் சாதாரண வியாதி இல்லீங்க, மனுசனுக்கும் ஒட்டும், குதிரைக்கு பாசிட்டிவ்னு வந்தா வைத்தியம் கிடையாது, சட்டப்படி கருணைக்கொலைதான். மூக்குல கெட்டியா சளி, கால் உள்பக்கம் நரம்பு ஓடுற வழியில முடிச்சு முடிச்சா கட்டி, உடைஞ்சு சீழ் வடியறது இதெல்லாம் பாத்தா அட்வான்ஸ் போனாலும் போகட்டும்னு விட்டுட்டு வந்துடுங்க.

2. வண்டியில ஏத்துறது

குட்டி யானைல ஏத்துற வேலை வேண்டாம். வண்டி ஆடுச்சுன்னா குதிரை தாவும், அந்த ஒசரத்துக்கு பக்கத்தடுப்பு பத்தாது, இறங்கி ஓடி அடிபட்ட கதை நிறைய இருக்கு. பெரிய லாரியா பாருங்க, பக்கத்தடுப்பு குதிரை நெஞ்சுக்கு மேல வரணும். தரையில மணலும் வைக்கோலும் தாராளமா கொட்டுங்க, வெறும் இரும்புத் தகடுல குளம்பு வழுக்கும். தலையை ஒசத்தி இறுக்கிக் கட்டாதீங்க. தலையைத் தாழ்த்தி மூக்கு சுத்தம் பண்ண முடியாம பல மணி நேரம் போனா தூசியும் கிருமியும் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரும். இந்தக் குட்டி ஏற்கனவே ராஜஸ்தான்லருந்தோ குஜராத்துலருந்தோ லாரியில நின்னுக்கிட்டே வந்திருக்கலாம், அதை மறந்துடாதீங்க. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி தண்ணி காட்டுங்க. வெயில் இறங்கினப்புறம் கிளம்புறது நல்லது.

சந்தையில என்ன தின்னுச்சோ அதே தீனியில ஒரு மூட்டை வாங்கி வண்டியில போட்டுக்குங்க. ஏன்னு அஞ்சாவது பகுதியில வரும்.

3. இடம்

லாயம்னா மாளிகை வேண்டாம். 12க்கு 12 அடி, நல்லா ஒசரமான கூரை, ரெண்டு பக்கம் காத்து வர்ற மாதிரி இருந்தாப் போதும். நம்ம வெயிலுக்கு தாழ்வான ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொட்டகை அடுப்பு மாதிரி கொதிக்கும், மேல தென்னங்கீத்து போட்டாவது சூட்டைக் குறைங்க. மாட்டுக் கொட்டாயில ஒரு ஓரமா கட்டிக்கலாம்னு நெனைக்கிறவங்க, ஆணி, உடைஞ்ச தகரம், தொங்குற ஒயர் மூணையும் முதல்ல எடுத்துடுங்க. மாடு ஒதுங்கிப் போகும், குதிரை பயந்தா அதுலயே போய் விழும்.

வேலிக்கு முள்கம்பி இருக்கிற இடத்துல இளங்குதிரையை அவுத்து விடாதீங்க. ஒரே ராத்திரியில கால் நரம்பு தெரியற அளவுக்குக் கிழிச்சுக்கும். மரச்சட்டமோ, பட்டையா கண்ணுக்குத் தெரியற டேப்போ கட்டுங்க.

துணை வேணும். குதிரை கூட்டத்துல வாழ்ற பிராணி, தனியா கட்டிப் போட்டா கனைச்சுக்கிட்டே இருக்கும், மரத்தைக் கடிக்கும், தலையை ஆட்டிக்கிட்டே நிக்கும். இன்னொரு குதிரை முடியலைன்னா ஒரு ஆடாவது பக்கத்துல கட்டுங்க, பல பேருக்கு அது சரியா வருது.

4. முதல் ரெண்டு மூணு வாரம்: பழக்காம, கவனிச்சு மட்டும் பாருங்க

சொந்தக்காரங்க எல்லாம் பாக்க வருவாங்க, "ஏறிக் காட்டு மாப்ள"ம்பாங்க. காதுல வாங்காதீங்க. ஏற்கனவே வீட்டுல குதிரை இருந்தா புதுசை தனியா வைங்க, தண்ணித் தொட்டி, பிரஷ், வாளி எல்லாமே தனி. ஸ்ட்ராங்கிள்ஸ்னு ஒரு தொண்டைக்கட்டி வியாதி, கூட்டம் சேர்ற இடத்துல இளங்குதிரைக்கு சுலபமா ஒட்டும், 3லருந்து 14 நாள்ல வெளிய தெரியும். தாடைக்கு அடியில வீக்கம், காய்ச்சல், மூக்குல சீழ்னு ஆரம்பிக்கும்.

காலைல, சாயந்தரம் ரெண்டு வேளையும் ஒரு நோட்டுல எழுதுங்க. காய்ச்சல் ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வெச்சு 99லருந்து 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் சரி, வெயில்ல நின்னுட்டு வந்த உடனே பாக்காதீங்க. ஓய்வுல நாடி நிமிஷத்துக்கு 28லருந்து 44, மூச்சு 8லருந்து 16, இளசுக்கு நாடி கொஞ்சம் கூட இருக்கலாம். ஈறு வெளிர் ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும், விரல்ல அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். உங்க குதிரைக்கு எது நார்மல்னு நல்லா இருக்கிறப்பவே தெரிஞ்சு வெச்சாதான் ராத்திரி 2 மணிக்கு வெட்டை எழுப்பறப்ப உருப்படியா பதில் சொல்ல முடியும்.

வெட் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. பக்கத்து ஊர் டாக்டர் மாட்டுக்கு கெட்டிக்காரரா இருப்பாரு, குதிரை வருஷத்துக்கு ஒண்ணு பாத்திருப்பாரு. அவரை விட்டுடாதீங்க, அவசரத்துக்கு அவர்தான் வருவாரு. அதோட குதிரை பழகுன ஒரு டாக்டர் நம்பரையும் வெச்சுக்குங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னை வேப்பேரி கல்லூரி மாதிரி இடங்கள்ல கேட்டா வழி கிடைக்கும்.

முதல் தடவை டாக்டர் வர்றப்போ கேக்க வேண்டியதுல முதல்ல டெட்டனஸ். குதிரை மாதிரி டெட்டனஸுக்கு சீக்கிரம் விழுற வீட்டு விலங்கு வேற இல்ல, ஒரு ஆணி குத்துனா போதும். தெருநாய் இருக்கிற ஊர்ல ரேபிஸ் ஊசியும் வருஷா வருஷம் வேணும். ரத்தத்தை எடுத்து சர்ரா, உண்ணிக் காய்ச்சல் ரெண்டும் பாக்கச் சொல்லுங்க. நல்லாத் திங்குது ஆனா இளைச்சுக்கிட்டே போகுது, விட்டு விட்டு காய்ச்சல், வயித்துக்கு அடியிலயும் கால்லயும் நீர் வீக்கம்னா சர்ராவா இருக்கலாம், கடிக்கிற ஈ மூலமா பரவுது. குடற்புழுவுக்கு கண்ணை மூடிக்கிட்டு மருந்து கொடுக்காம சாணியை டெஸ்ட் பண்ணிட்டு கொடுக்கச் சொல்லுங்க. பல்லையும் பாக்கச் சொல்லுங்க, கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி ஓநாய்ப் பல்னு சின்னதா ஒண்ணு சில குதிரைக்கு இருக்கும், கடிவாளம் அதுல இடிச்சா தலையை உதறும், முதல் கடிவாளத்துக்கு முன்னாடியே எடுத்துடறது நல்லது.

ஆண் குட்டின்னா காயடிக்கிறதைப் பத்தியும் அன்னைக்கே பேசுங்க. நம்ம ஆளுங்களுக்கு இது பிடிக்காது, "ஆம்பளைக் குதிரைன்னா கம்பீரம்"பாங்க. இனவிருத்திக்கு வெச்சுக்கற எண்ணம் இல்லாத, முதல் தடவை குதிரை வளர்க்கிற ஒருத்தருக்கு முழு ஆண் குதிரை தேவையே இல்லைங்கிறதுதான் என் கருத்து. பக்கத்துல பெட்டைக் குதிரை ஒண்ணு சூட்டுக்கு வந்தா நீங்க பழக்கினது எல்லாம் காத்துல போயிடும். மாட்டுக்கு நசுக்குற இடுக்கி இதுக்கு ஆகாது, மயக்க மருந்து கொடுத்து டாக்டர் ஆபரேஷன்தான் பண்ணணும், அதுக்கு முன்னாடி டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

5. தீனி: பெரும்பாலானவங்க கவுர்ற இடம்

குதிரையோட இரைப்பை சின்னது, வாந்தி எடுக்க முடியாது, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேயறதுக்குன்னே அமைஞ்ச உடம்பு. நாம பண்றது அதுக்கு நேர் எதிர், காலைல ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி. வயித்துவலி பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல எடை கண்டுபிடிங்க. டெய்லர் டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுத்தளவு, அப்புறம் தோள் முனையிலருந்து பின்தொடை எலும்பு முனை வரைக்கும் நீளம், ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுத்தளவு × சுத்தளவு × நீளம் ÷ 11,880 போட்டா கிலோ வரும். 160 சுத்தளவு, 150 நீளம்னா சுமார் 323 கிலோ. இது வளர்ந்த குதிரைக்கான கணக்கு, குட்டிக்கு கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், ஆனா மாசா மாசம் ஏறுதா இறங்குதான்னு பாக்க இது போதும்.

அந்த எடையில 2 சதவீதம், அதாவது 323 கிலோவுக்கு ஆறரை கிலோ வாக்குல ஒரு நாளைக்கு காய்ஞ்ச எடையில தீவனம் போகணும், அதுல பெரும்பகுதி புல்லும் காஞ்ச புல்லும்தான். பச்சைப்புல்லுல முக்கால்வாசி தண்ணிங்கிறதால 6 கிலோ பச்சையை போட்டுட்டு போதும்னு நெனைக்காதீங்க. தண்ணி 25லருந்து 40 லிட்டர், கோடையில அதுக்கும் மேல. கல்லுப்பு ஒரு கை, 30 கிராம் வாக்குல தினமும்.

என்ன புல்லுங்கிறது அடுத்த கேள்வி. கொங்குப் பக்கம் எல்லார் தோட்டத்துலயும் கோ-4 மாதிரி நேப்பியர் புல் இருக்கு, கொறங்காட்டுல (மேய்ச்சல் நிலத்துல) கொழுக்கட்டைப்புல் இருக்கு, மாடு அமிர்தமா சாப்பிடும். ஆனா இந்தப் புல்லுகள்ல ஆக்சலேட் ஜாஸ்தி. மாட்டோட வயித்துல இருக்கிற நுண்ணுயிர் அதை உடைச்சுடும், குதிரைக்கு அந்த வசதி கிடையாது, தீனியில இருக்கிற கால்சியத்தை ஆக்சலேட் பிடிச்சு வெச்சுக்கும். உடம்புக்கு கால்சியம் பத்தாம எலும்புலருந்து எடுக்க ஆரம்பிக்கும், மாசக்கணக்குல இதுவே தீனின்னா நொண்டும், முகத்து எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கி தலை பெருசாத் தெரியும். இதுல தவிடு வேற வாளி வாளியா கொடுப்பாங்க, தவிடுல பாஸ்பரஸ் அதிகம், அது இன்னும் கெடுக்கும். வளர்ற குட்டிக்கு எலும்பு கட்டுற நேரத்துல இது நடந்தா பின்னாடி எந்த ட்ரெய்னரும் ஒண்ணும் பண்ண முடியாது.

அதுக்காக கோ-4 கூடவே கூடாதுன்னு இல்ல. பாதிக்கு மேல போகாம பாத்துக்குங்க, அருகம்புல் மாதிரி வேற புல் கலந்து கொடுங்க, குதிரை மசால் (லூசர்ன் தழை) கிடைச்சா தினமும் கொஞ்சம் சேருங்க, கால்சியம் அதுல தாராளம். கடலைக்கொடி நல்ல தீவனம், ஆனா மண்ணு உதறி, பூஞ்சை பிடிக்காததா பாத்துக் கொடுக்கணும். குதிரை மண்ணு தின்னா குடல்ல படியும், பூஞ்சை தின்னா அதைவிட மோசம். வைக்கோல் பொழுதுபோக்குக்கு மெல்லலாம், அதுலயே வளர்க்க முடியாது. கால்சியம் மாவு எவ்வளவு சேக்கறதுன்னு டாக்டர்கிட்ட தீவனப் பட்டியலைக் காமிச்சு கேளுங்க.

கொள்ளு. நம்ம ஊர்ல குதிரைன்னாலே கொள்ளுதான், தப்பில்ல, புரதம் நல்லா இருக்கு. பச்சையா கொடுக்காம ஊறவெச்சு வேகவெச்சு, அரை கிலோவுல ஆரம்பிங்க. தானியம், பருப்பு எல்லாம் சேத்து ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல போகாதீங்க, தேவைன்னா வேளையைக் கூட்டுங்க. கொழுப்பேத்தணும்னு முட்டை, பாதாம், பேரீச்சம்பழம்னு கொடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் புல்லைக் குறைக்கிறது நாட்டியக் குதிரைக்காரங்க பழக்கம், இளங்குதிரைக்கு வேண்டவே வேண்டாம். சத்து ஏறி வேலையில்லாம நிக்குற குட்டி ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்கும், அதைப் பாத்து "திமிரு"ன்னு அடிப்பாங்க.

கொடுக்கவே கூடாததுன்னு பாத்தா கோழித்தீவனமும் மாட்டுத்தீவனமும் முதல்ல வரும். சிலதுல மோனென்சின்னு ஒரு மருந்து கலந்திருப்பாங்க, கோழிக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது, குதிரைக்கு கொஞ்சம் போனாலே இதயம் நின்னுடும். மாட்டுத்தீவனம் இருக்கிற ரூம் கதவு தாழ்ப்பாளை குதிரை மூக்காலயே திறக்கும், பூட்டு போடுங்க. ஆட்டுக்கு வெட்டிப் போடற சூபாபுல் தழை தொடர்ந்து தின்னா பிடரியும் வாலும் கொட்டிப் போகும். அரளிச்செடி வேலியோரம் இருந்தா பிடுங்கிடுங்க. சோளப்பயிரை இளசா கொடுத்தா விஷம், முத்தினதையும் நாள் தவறாம கொடுத்தா மூத்திரப்பையும் பின்னங்காலும் பாதிக்கும், அதனால சோளத்தட்டை நம்பி குதிரை வளர்க்காதீங்க.

எந்தத் தீனியை மாத்தினாலும் 7லருந்து 10 நாள் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. சந்தை மூட்டை வாங்கி வரச் சொன்னது இதுக்குத்தான்.

வயித்துவலி வந்தா தெரிஞ்சுக்கறது எப்படின்னா, தீனியைத் தொடாது, முன்னங்காலால தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பாக்கும், படுத்து உருளும், சாணி நின்னுடும். தீனியை எடுத்துடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க, அடங்குற மாதிரி இருந்தா மெதுவா நடக்க வைங்க. மாட்டுக்கு மூங்கில் குழாய்ல ஊத்துற மாதிரி எண்ணெய், கஷாயம்னு வாயில ஊத்த யாராவது வருவாங்க, அன்பாத்தான் வருவாங்க, விடாதீங்க. அது நுரையீரலுக்குப் போச்சுன்னா வயித்துவலியில பிழைச்ச குதிரை நிமோனியாவுல போகும். டாக்டர் மூக்கு வழியா டியூப் விட்டு ஊத்துறது வேற விஷயம்.

6. குளம்பு

6லருந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவணும். மாட்டுக்கு லாடம் கட்டுறவரை கூப்பிடாதீங்க, ரெட்டைக் குளம்புக்குப் பழகுன கை அது. ரேஸ்கோர்ஸ் இருக்கிற ஊர்ல குதிரை லாடக்காரங்க இருப்பாங்க, நாலஞ்சு குதிரைக்காரங்க சேந்து கூப்பிட்டா வருவாங்க. சவாரி ஆரம்பிக்காத குட்டிக்கு லாடமே வேண்டாம். தினமும் நாலு காலையும் தூக்கி குளம்புக்குள்ள சுத்தம் பண்ணுங்க, மழைக்காலத்துல கறுப்பா நாத்தம் அடிச்சா அழுகல் ஆரம்பிச்சிருக்கு, ஈரத்தரையை முதல்ல சரி பண்ணுங்க.

7. கைக்குப் பழக்குறது

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்"னு பழமொழி இருக்கு. அது குதிரையோட குத்தம் இல்ல. கடிவாளத்துக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை நாலஞ்சு மாசத்துக்கு இருக்கு, அதை யாரும் செய்யறதில்ல.

மொத்தப் பழக்கமும் ஒரே விஷயத்துல நிக்குது. லேசா அழுத்தம் கொடுக்கறீங்க, அது சரியான பக்கம் ஒரு இம்மி அசைஞ்ச உடனே அழுத்தத்தை விடறீங்க. கத்துக்குறது அழுத்தத்துல இல்ல, விடறதுலதான். கயித்தை லேசா முன்னாடி இழுங்க, ஒரு கால் எடுத்து வெச்சதும் கயிறு தளரணும். விடாம இழுத்துக்கிட்டே இருந்தா அதுவும் திருப்பி இழுக்கும், 320 கிலோவோட கயிறு இழுக்கற போட்டியில நீங்க ஜெயிக்கப் போறதில்ல.

முதல்ல ஹால்டர் (கடிவாளக் கம்பி இல்லாத தலைக்கயிறு) போட, கழட்ட. அப்புறம் பக்கத்துல நடக்க, நிக்க, பின்னாடி போக. உடம்பு பூரா தடவ, காது, வயிறு, வால் இடுக்கு எல்லாம். கால் தூக்க. முன்னங்கால் தூக்கறதுக்கு தோள்லருந்து கையைத் தடவிக்கிட்டே கீழ இறக்குங்க, முழங்காலுக்குக் கீழ பின்பக்க நரம்பை மெதுவா கிள்ளுங்க, எடையை மறுபக்கக் காலுக்கு மாத்திட்டு இந்தக் குளம்பை லேசாக்கும், அந்த ஒரு செகண்ட் பிடிச்சு, அது பிடுங்கறதுக்கு முன்னாடி நீங்களே கீழ வெச்சுடுங்க. நாளைக்கு ரெண்டு செகண்ட். பின்னங்காலுக்கு உடம்போட ஒட்டி நில்லுங்க, எட்டி நின்னா உதை முழு வேகத்துல விழும். நேர் பின்னாடி நடக்கவே நடக்காதீங்க. கயித்தை கையில சுத்திக்காதீங்க, விரல் போயிடும். ஷூ போடுங்க, செருப்போட குதிரைகிட்ட போகாதீங்க.

கடிக்க வர்றது ஆண் குட்டிகிட்ட சகஜம். கையில வெல்லம் ஊட்டி ஊட்டிப் பழக்கினதோட பலன் அது, பாத்திரத்துல போட்டுக் கொடுங்க.

ஒரு நாளைக்கு 15, 20 நிமிஷம் போதும். இளங்குதிரை கவனம் அதுக்கு மேல நிக்காது, சரியா ஒண்ணு செஞ்ச உடனே அன்னைக்கு முடிச்சுக்குங்க. லஞ்சிங்னு வட்டமா ஓட்டறது நல்ல பயிற்சிதான், ஆனா சின்ன வட்டத்துல அரைமணி நேரம் ஓட்டினா வளர்ற மூட்டு போயிடும். வட்டம் 15 மீட்டருக்குக் குறையாம, ரெண்டு பக்கமும் சமமா, வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், பெரும்பாலும் நடையும் துள்ளோட்டமும்.

அப்புறம் சத்தம். ஆடியில வாங்கின குதிரைக்கு மூணு மாசத்துக்குள்ள தீபாவளி வந்துடும். குடை, தார்ப்பாய், பைக் ஹாரன், பிளாஸ்டிக் பை எல்லாத்தையும் தூரத்துலருந்து காமிச்சு, அது மூச்சு விட்டு தலையைத் தாழ்த்தற வரைக்கும் நின்னு, அப்புறம் ஒரு அடி கிட்ட. வெடிச்சத்தத்தை போன்ல ரெக்கார்டு பண்ணி தீனி திங்கற நேரத்துல சின்னதா ஓடவிடுங்க, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. தீபாவளி ராத்திரி கட்டிப் போடாம உள்ள அடைச்சு, தீனி நிறைய போட்டு, ஒரு ஆள் கூட இருங்க.

8. முதுகுக்கு எப்ப போகலாம்

ரெண்டரை வயசுக்குள்ள ஏறவே கூடாது. முழங்கால் எலும்போட வளர்ற பகுதி மூடறதே அந்த வாக்குலதான், முதுகெலும்பு முழுசா முத்தறதுக்கு 5, 6 வயசு ஆகும். மூணு, மூணரையில லேசா ஏறிப் பழக்கலாம், நாலு வயசுல கொஞ்சம் ஓட்டம், முழு வேலை அஞ்சுக்கு மேல. வளர்ந்த குதிரைக்கே ஆளும் சேணமும் சேத்து அதோட எடையில 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்பாங்க, 323 கிலோ குதிரைக்கு 64 கிலோ. இளசுக்கு அதைவிடக் குறைவா வைங்க. உங்க எடை 85ன்னா இந்தக் குதிரையில முதல்ல ஏறப்போறது நீங்க இல்ல, வீட்டுல ஒல்லியா குதிரை தெரிஞ்ச ஆள் யாராவது. கஷ்டமாத்தான் இருக்கும், வேற வழியில்ல.

சேணத்துக்கு முன்னாடி வெறும் துணியை முதுகுல போட்டு எடுங்க, அப்புறம் பட்டையை லேசா கட்டுங்க, ஒரே நாள்ல இறுக்காதீங்க. சேணம் வெச்சா முதுகெலும்பு மேல உக்காராம ரெண்டு பக்கமும் சமமா உக்காரணும், நடுவுல வெளிச்சம் தெரியணும். வளர்ற குதிரைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேணம் பொருந்தாம போகும், புதுசா விலை கூடின சேணம் இப்ப வாங்காதீங்க. கடிவாளம் ஸ்னாஃபிள்னு விக்கிற, முள் இல்லாத மிருதுவான சாதா ரகம், வாய் ஓரத்துல சின்னதா ஒரு சுருக்கம் விழற அளவுக்கு. முதல் ஒரு வாரம் அதை வாயில வெச்சுக்கிட்டு சும்மா நிக்கட்டும், கயிறு கட்ட வேண்டாம்.

அடுத்து ரெண்டு நீளக் கயிறு கடிவாளத்துல கட்டி பின்னாடி நடந்துக்கிட்டே ஓட்டறது. நில்லு, போ, இடது, வலது எல்லாம் மேல ஆள் இல்லாமலே கத்துக்கும், தோட்டம் பூரா நடக்கலாம், உங்க தொப்பையும் குறையும்.

ஏறற நாள் வந்தா ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தலைகிட்ட, இன்னொருத்தர் ஏறறவர். முதல்ல பக்கத்துல நின்னு குதிங்க, அப்புறம் முதுகு மேல வயித்தை வெச்சு சாஞ்சு, ரெண்டு செகண்ட்ல இறங்குங்க. அது கழுத்தை விறைக்காம, காதை அசைச்சுக்கிட்டு, நாக்கை சப்பிக்கிட்டு நின்னா அடுத்த நாள் காலைத் தாண்டிப் போட்டு உக்காருங்க, அப்பயும் நடக்க வைக்காதீங்க. அதுக்கடுத்த வாரம் பிடிக்கிறவர் பத்தடி நடத்தட்டும். இதுல நடுவுல ஒரு நாள் பயந்துச்சுன்னா ரெண்டு படி கீழ இறங்கி ஆரம்பிங்க, கெட்டுப் போகாது. ஹெல்மெட் கட்டாயம், பைக் ஹெல்மெட் இல்ல, குதிரைக்குன்னு விக்கிறது. அங்கவடியில (சேணத்துல கால் வைக்கிற வளையத்துல) பாதம் முழுசா நுழைஞ்சுடாம குதிகால் வெச்ச ஷூ போடுங்க, விழுந்தா கால் மாட்டி இழுத்துட்டுப் போகாம இருக்கும்.

மேல உக்காந்து 10, 15 நிமிஷ நடை, வாரத்துக்கு மூணு நாள், அப்படியே ரெண்டு மூணு மாசம் போகட்டும். ரோட்டுக்கு தனியா போகாதீங்க, கூட ஒரு பழகுன வயசான குதிரை போனா பாதி வேலையை அதுவே செஞ்சுடும், பஸ் வந்தா அது நிக்குறதைப் பாத்து இதுவும் நிக்கும்.

சந்தையில இல்லாம ரேஸ்லருந்து ரிட்டயர் ஆன தரோபிரட் வந்திருந்தா கதை கொஞ்சம் வேற. அதுல ஆள் ஏறியிருப்பாங்க, ஆனா அதுக்குத் தெரிஞ்சது ஓடறது மட்டும்தான், கடிவாளத்தை இழுத்தா இன்னும் வேகமாப் போகும். அதையும் சில மாசம் அவுத்து விட்டு மேய விட்டு, மேல சொன்ன வரிசையில முதல்லருந்தே ஆரம்பிக்கணும்.

9. உங்களால முடியலைன்னா

நீங்களே இப்பதான் சவாரி கத்துக்கறீங்கன்னா இந்தக் குதிரையிலயே கத்துக்காதீங்க. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூருன்னு ரைடிங் ஸ்கூல் இருக்கு, அங்க போய் வயசான சாது குதிரையில கத்துக்குங்க, உங்க குட்டி அதுவரைக்கும் வளரட்டும். ட்ரெய்னர்கிட்ட அனுப்பறதா இருந்தா முன்னாடியே சொல்லாம ஒரு நாள் அவர் இடத்துக்குப் போங்க. அவர் குதிரைங்க அவர் கிட்ட வந்தா தலையைத் திருப்பிக்கிட்டு மூலைக்குப் போகுதா, இல்ல மூக்கை நீட்டுதான்னு பாருங்க, கொட்டாய்ல மாட்டியிருக்கிற கடிவாளங்கள்ல முள் இருக்கான்னு பாருங்க. "பத்து நாள்ல ஏத்தித் தரேன்"னு சொல்றவர்கிட்ட விடாதீங்க.

விக்கிற முடிவுக்கு வந்தா அடுத்த ஆடி வரைக்கும் காத்திருந்து சந்தைக்கே கொண்டுபோக வேண்டியதில்ல. ஹால்டர் போட்டா நிக்குது, நாலு காலும் தூக்குது, வண்டி ஏறுது, தடுப்பூசி நோட்டு இருக்குன்னா அந்தக் குட்டியை தேடி வந்து வாங்க ஆள் இருக்கு. வயசை பல்லைக் காமிச்சு உள்ளபடியே சொல்லுங்க, இன்னும் ஏறலைன்னா ஏறலைன்னே சொல்லுங்க. எடை எழுதின நோட்டு, டாக்டர் சீட்டு, சந்தை ரசீது மூணையும் சேத்துக் கொடுத்துடுங்க, ரெண்டு வாரத்துக்கு அது சாப்பிட்டுக்கிட்டு இருந்த தீனியையும் ஒரு மூட்டை கட்டி வண்டியில ஏத்தி விடுங்க.